ஊசி இவருக்கு, பயணம் மச்சானுக்கு

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவரை எல்லோரும் ‘ஸ்டெப்னி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, நிவாரண அமைப்பின் புண்ணியம். எங்காவது வெள்ளம் வந்தால், முகாம்களில் தண்ணீரைச் சுத்தப்படுத்திக் கொடுக்க அந்த அமைப்பு தேர்ந்த டெக்னீஷியன்களைச் சில வாரங்களுக்கு அனுப்பும். போகிறவருக்கு ஒரு மாற்று ஆளும் உண்டு. அவரும் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு, பையைக் கட்டிக்கொண்டு விமான நிலையம்வரை போக வேண்டும். கடைசி மருத்துவச் சோதனையில் முதல் ஆள் தேறிவிட்டால், மாற்று ஆள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

முதல் ஆள் வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். அதே நிலையத்தில் பக்கத்து பம்ப் அறை. மச்சானுக்கு உடம்பா அது, இரும்பு! பெயருக்கு ஒரு தும்மல்கூட வராது.

ஒவ்வொரு தடவையும் ஸ்டெப்னி வீங்கின கையோடு பஸ் பிடித்து வீடு திரும்புவார்.

“எங்கண்ணன் நல்லபடியா ஏறிட்டாரா?” என்பாள் மனைவி.

“ஏறிட்டாரு. விமானந்தான் பெருமை தாங்காம ஒரு பக்கமா சாஞ்சுது.”

அவள் சிரிக்க மாட்டாள். அவர் பையிலிருந்து புது சோப்பை எடுத்துக் குளியலறையில் வைப்பாள்.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி எதற்கு மழுப்ப வேண்டும்? மச்சான் திரும்பி வந்து முகாம் கதை சொல்லும்போது இவர் வாய் “அப்படியா மச்சான்!” என்னும், வயிறு தனியாக எரியும். மனைவியோ கண் கொட்டாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் கால்வாசி இந்தப் பக்கம் திரும்பியிருந்தால்கூடப் போதும்.

இந்த முறை பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சோதனை மேசையில் மச்சானுக்குக் காய்ச்சல் காட்டியது. “வெயில் சூடுங்க டாக்டர்” என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

“உடம்பைப் பாத்துக்குங்க மச்சான்” என்றார் ஸ்டெப்னி. அந்தக் குரலில் இருந்த துக்கத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

மச்சான் தன் டார்ச்சை எடுத்து நீட்டினார். “வச்சுக்குங்க மாப்ளே. அங்க கரண்ட் எப்ப வேணா போகும்.”

மச்சான் ஏற்கெனவே போய்வந்த முகாம்தான் அது. இவர் இறங்கி முகம் கழுவுவதற்குள் சமையல்காரர் கேட்டார்: “சத்தமா சிரிப்பாரே, அவர் வரலையா?” டாக்டரம்மா கேட்டார். பாஷை தெரியாத ஒரு கிழவர் மேலுதட்டில் விரலை வைத்து மச்சானின் மீசையை முறுக்கிக் காட்டி, எங்கே என்று கையை விரித்தார். தண்ணீர் என்னவோ இவர் கொடுத்ததுதான், தாகம் மட்டும் மச்சான் மேல்.

ஆற்றுத் தண்ணீர் சேறாக வந்தது. இவர் அதைத் தெளிய வைத்து, குளோரின் கலந்து, குழாய் குழாயாகச் சோதித்தார். முகாமில் ஒரு குழந்தைக்குக்கூட வயிற்றுப்போக்கு வரவில்லை. கிளம்பும் அன்று, குடத்தோடு நின்ற ஒரு பெண் கிட்டே வந்தாள்.

“அவரை நாங்க எல்லாரும் கேட்டோம்னு மறக்காம சொல்லுங்க.”

“கண்டிப்பா சொல்றேம்மா” என்றார்.

வீட்டில் மச்சான் இளைத்துப்போய்க் காத்திருந்தார். பம்ப், குளோரின், மழை எல்லாம் விசாரித்தார். கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: “என்னை யாராவது கேட்டாங்களா மாப்ளே?”

மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லையே மச்சான். ஒருத்தரும் கேக்கலை.”

சொன்னதும் எத்தனையோ வருஷத்து எரிச்சல் அடங்கியது. மச்சான் தலை குனிந்துகொண்டார். மீசையை ஒரு தரம் தடவிவிட்டு, பிறகு நிமிர்ந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“கேட்டியாம்மா?” என்றார் தங்கையிடம். “நான் மொதல்ல போனப்போ, எனக்கு முன்னாடி இருந்தவரைக் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாங்க. மாப்ளே போயி என்னை ஒருத்தரும் தேடலைன்னா, அப்ப வேலை எவ்வளவு சுத்தமா இருந்திருக்கணும்! இனிமே அவர்தான் மொத ஆளு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். ஸ்டெப்னியா நான் இருந்துக்கறேன்.”

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள், கண் கொட்டாமல். எத்தனை வருஷமாக ஏங்கிய பார்வை! வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போய்விடும். அவர் திறக்கவில்லை.

மச்சான் குனிந்து இவருடைய பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். அந்த மனசைப் பார்க்கப் பார்க்க ஸ்டெப்னிக்கு வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.