சாவு வீட்டுக்கு ஏற்ற முகம்

என் முகத்தை முதன்முதலில் தொழில்முறையாகப் பார்த்தவர் ஏஜென்ட் அக்காதான். வேலம்பாளையத்தில் அவருடைய வாடகை வீட்டு முன்னறையில், என்னைச் சுவரோரம் நிறுத்தி, தோளைப் பிடித்து முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று திருப்பினார். வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் பனியனைக்கூட எங்கள் கம்பெனியில் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கம்பெனி ஆயுத பூஜையில் வருடா வருடம் கைதட்டல் வாங்கும் என் விசேஷச் சிரிப்பை எடுத்துவிட்டேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"சிரிக்காதிய அண்ணாச்சி. சும்மா நில்லுங்க."

சும்மா நின்றேன்.

"ஆங், இதுதான். சாவு வீட்டுக்கு நல்ல முகம்."

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன். தைத்து வரும் பீஸின் அடி மடிப்பைத் திருப்பி, விட்டுப்போன தையலையும் தொங்கும் நூலையும் கண்டுபிடிப்பது பிழைப்பு. நாற்பதைத் தாண்டியதும் எனக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் சொந்த யூனிட் போட்டார்கள், வீடு கட்ட சைட் வாங்கினார்கள். எனக்கோ ஒரு படத்தில் ஒரே ஒரு வசனம் பேசி ஜனங்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்றேன். "அதுதானுங்களே வேணும் உங்களுக்கு" என்றாள் என் மனைவி. சென்னைக்கு அனுப்பிய போட்டோக்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் எங்கள் டெய்லர் ஒருவர்தான் அக்காவின் வீட்டுக்கு வழி சொன்னார்.

அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், இருந்தாலும் எனக்கு அண்ணாச்சிப் பட்டம்தான். கம்பெனிகளுக்கு டெய்லர்களை அனுப்புவது அவர் வேலை. இந்தப் பக்கம் ஷூட்டிங் வந்தால் அதற்கும் அவரே ஆள் அனுப்புவார். இரண்டுக்கும் ஒரே வேன், ஒரே சட்டம். டீ குடிக்கப் போய்க் காணாமல் போனால் அடுத்த தடவை வேனில் இடமில்லை. நடிகர் என்ற சொல்லே அவர் வாயில் வராது. கூட்டத்து ஆள், அழுகிற ஆள், பேசுகிற ஆள் என்று மூன்று ரகம்தான். நான் பேசுகிற ஆளாகத் துடித்தேன். அவர் என்னை அழுகிற ஆளிலேயே வைத்திருந்தார். லீவு நாளெல்லாம் ஏதோ ஒரு பிணத்தின் தலைமாட்டில் நின்றேன். பிணமாகப் படுத்தவர்கள் பலர் என்னைவிட நன்றாக நடித்தார்கள்.

"ஏனுங்க அக்கா, காமெடி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"ஒங்க மூஞ்சிக்கா?"

"எங்க கம்பெனில வந்து கேட்டுப் பாருங்க. என்னையப் பாத்தாலே சிரிப்பாங்க."

"பாத்துச் சிரிக்கது வேற அண்ணாச்சி, நீங்க சிரிக்க வைக்கது வேற."

விடாமல் நச்சரித்தேன். வேலை நேரத்தில் போன் செய்தேன். வீட்டு வாசலில் போய் நின்றேன். தொல்லை தாங்காமல், மங்கலத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் எடுக்கும் காட்சிக்கு என்னைப் பேசுகிற ஆளாகச் சொல்லிவைத்தார். பெண் கேட்டு வரும் ஹீரோவின் சட்டையைப் பிடித்து நான் மிரட்ட வேண்டும். நான் பெண்ணின் பெரியப்பா. "மரியாதையா கெளம்பிருங்க தம்பி. இல்லீனா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருவனுங்க." அடிக்கப் போகும்போதும் 'ங்க' விடாத எங்கள் ஊர் மரியாதைதான் அதில் காமெடி. அந்த வாரம் செக்கிங் செக்ஷனில் நான் வெளியே தள்ளாத ஆளில்லை. தமிழ் தெரியாத பீகார்க்காரர்கள்கூட ஒருவரையொருவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு திரிந்தார்கள்.

கேமரா ஓடியது. ஹீரோ டீ-சர்ட்டில் வந்து நின்றார். நெஞ்சருகே பிடித்தேன். பிடித்த கை தன்பாட்டுக்குக் கீழே இறங்கியது. அடி மடிப்பைத் திருப்பியது. தொங்கிய நூலை வெடுக்கென்று பிய்த்தது. வசனம் வாயிலேயே நின்றுவிட்டது.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் டைரக்டர்.

"நூலுங்க" என்றேன்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கை இறங்கியது. அப்புறம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போது சட்டையைப் பிடிக்க ஆளில்லை. என் வசனத்தைப் பக்கத்தில் சித்தப்பாவாக நின்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரே தடவையில் தள்ளிவிட்டார்.

ஷூட்டிங் மேனேஜர் எல்லார் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டார். பனியன் கம்பெனி ஆட்களை எல்லாம் நடிக்க ஏன் கூட்டி வருகிறீர்கள் என்று கத்தினார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "அவரு கைக்கு வேல பழக்கம் சார். நடிக்கது இப்பத்தான் பழகுது." அதற்குப் பிறகு அந்தப் படக் கம்பெனி அவரிடம் ஆள் கேட்கவே இல்லை என்பது எனக்கு வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும். வேனில் திரும்பும்போது அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அடுத்த வாரம் பல்லடத்துல ஒரு சாவு வீடு இருக்கு. வாரியளா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் கம்பெனியில் எல்லாரும் வசனத்தைப் பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசினேன். நன்றாக வந்தது.

படம் வந்தபோது ஒளிந்து திரிந்தேன். அக்கா விடவில்லை. "என் ஆளு நின்ன படத்த நான் பாக்காம விட்டதில்ல" என்று ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இழுத்துப் போனார். தியேட்டர் முழுக்கப் பனியன் கம்பெனி ஜனம். காட்சி வந்தது. சித்தப்பா என் வசனத்தைப் பேசினார். ரெண்டு பேர் சிரித்தார்கள். என் முகம் எங்கேயும் இல்லை. திடீரென்று திரை நிறைய ஒரு கை வந்தது. டீ-சர்ட்டின் அடி மடிப்பைத் திருப்பி, நூலைப் பிய்த்தது. தியேட்டரே சிரிப்பில் வெடித்தது.

"அட, செக்கிங்காரனப்பா அவன்" என்றது ஒரு குரல்.

"பீஸு ரிஜெக்ட்டுங்க சார்" என்றது பின்வரிசை. மறுபடியும் சிரிப்பு.

நான் எழுந்துவிட்டேன். அது என் கை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "இருங்க அண்ணாச்சி. கையப் பாத்து ஒங்கள யாரு கண்டுபிடிப்பா?" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அவரும் குலுங்கினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கோயம்புத்தூரில் படம் பார்த்த என் மச்சானிடம் அந்த இடத்தில் எப்படிச் சிரித்தார்கள் என்று கேட்டேன். எந்த இடத்தில் என்றான்.

மூட்டுவலி வந்து அக்கா ஊரோடு போய்விட்டார். இப்போது நடிக்க ஆள் எடுப்பதெல்லாம் போனில் ஒரு ஆப்தான். மூன்று பக்கமும் போட்டோ ஏற்றினேன். என்னைத் திருப்பி நிறுத்த ஆளில்லாததால் கழுத்து சுளுக்கிக்கொண்டது. எந்த வகை நடிப்பு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும் என்றது. நகைச்சுவைக்கும் சோகத்துக்கும் நடுவே விரல் அலைந்தது. அக்காவையே கூப்பிட்டேன்.

"கைன்னு ஏதும் போட்டிருக்கானா?" என்றார்.

"இல்லீங்க அக்கா."

"அப்ப நாஞ் சொன்னதையே போடுங்க."

சோகம் என்று போட்டேன். அன்றிலிருந்து போன் அதிரும்போதெல்லாம் பட வாய்ப்பு என்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறேன். பனியனுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள்தான், சரக்கு எப்போது லாரியில் ஏறும் என்று கேட்கிறார்கள். இன்றைக்கே ஏறிவிடுமுங்க என்கிறேன், ஆப்பை இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டே.