ஸ்கேல் வைத்து வரைகிறவர்

மை காய்வதற்குள்ளேயே பக்கத்தை என் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் கவிழ்த்துவிடுவார். "டீச்சர், ஈரம்!" என்று நான் கத்துவதும், "அண்ணே, பெல் அடிச்சுருவாங்க!" என்று அவர் பதிலுக்குக் கத்துவதும் வெள்ளிக்கிழமைதோறும் நடப்பதுதான். நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பேன். அதற்குள் அவர் கடைக்குள் நடக்க ஆரம்பித்திருப்பார். கடையோ கைக்குட்டை அகலம். சுவர் வந்ததும் திரும்பி இந்தச் சுவருக்கு வருவார். அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். இன்றுவரை அதில் அவருடைய பை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அதற்கு முன்னால், பூமியைத் தோண்டிப் பழைய காலத்துச் சாமான்களை எடுக்கிறார்களே, அந்த இடத்தில் உடைந்த பானை ஓடுகளைப் படம் வரைகிற வேலை பார்த்தாராம். "ஒரு ஓட்டுத் துண்டு முன்னாடி பொழுதுக்கும் உக்காரணும் அண்ணே. எனக்கு உக்காந்தா முள்ளு மேல இருக்கற மாதிரி" என்று விட்டுவிட்டார். வேலையை விட்டாரே தவிர ஒரு பழக்கத்தை விடவில்லை. எதை வரைந்தாலும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துத்தான் வரைவார். "அளவு தெரியாத படம் படமே இல்ல" என்பார்.

என் பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று பார்க்க வந்தார். எல்லோரும் குழந்தை கையில் காசு வைத்தார்கள். இவர் பக்கத்தில் ஸ்கேல் வைத்தார்.

"என்ன டீச்சர், சட்டைத் துணியா அளக்கறீங்க?" என்றாள் என் மகள்.

"பின்னால இவளே கேப்பா பாரு, நான் எவ்ளோ சின்னதா இருந்தேன்னு."

பேத்தி கொட்டாவி விட்டாள். கொட்டாவியோடு வரைந்த அந்தப் படம் கடைச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன். போன வாரம் ஒருவர், "ஐயா, முகம் லட்சணமாத்தான் இருக்கு, என் சர்டிபிகேட்டைக் குடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு டீச்சர் ஒரு படக்கதை போடுகிறார். கதாநாயகி பெயர் டார்ச் அக்கா. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து எகிப்து நாட்டுக் கல்லறைக்குள் இறங்குவாள். கடப்பாரைத் திருடர்கள் பின்னாலேயே வருவார்கள். மேலேயிருந்து மணல் கொட்டும். கதவு திறக்கப் போகிற நேரத்தில் பக்கம் முடிந்துவிடும். நடுவில் பிள்ளைகளுக்குத் தெரியாமலே பாடம் உள்ளே போய்விடும். செத்தவர் உடம்பை எப்படி உப்பில் உலர்த்தினார்கள், துணியை எந்த விரலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்கள், எல்லாம் இருக்கும். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்த இதழ் வந்த அன்று பள்ளிக்கூடமே மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் மெஷின் துப்பத் துப்ப எழுத்துக்கூட்டி முதலில் படிக்கிறவன் நான்தான்.

டார்ச் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. எது கிடைத்தாலும் உடனே பிரிக்கக்கூடாது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, படம் வரைந்து, அப்புறம்தான் தொட வேண்டும்.

அந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்ததுதான் வம்பாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மைதானத்து மூலை மரத்தடியில் டப்பா மூடிகளால் தோண்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு துணி மூட்டை தென்பட்டது. "மம்மி! மம்மி கெடச்சிருச்சு!" என்ற கூச்சல் என் கடைவரை கேட்டது. ஸ்கேலை வைத்தார்கள். ஒருத்தி வரைய ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

மூட்டையின் துணி அவருடைய பழைய யூனிபார்ம் சட்டை. உள்ளே இருந்தது அவர் வளர்த்த பூனை. "வேலை ஒண்ணும் செய்யாது, ஆனா தெனமும் சுத்திப் பாக்கும்" என்று அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். போன மழைக்குச் செத்துப்போன மேனேஜரைத் தன் சட்டையில் சுற்றி, யாருக்கும் சொல்லாமல் அங்கே புதைத்திருந்தார். அவர் யாரையும் திட்டவில்லையாம். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாராம். பிள்ளைகள் அழ ஆரம்பித்தது அப்போதுதான்.

தலைமை டீச்சர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "வாட்ச்மேன் சம்மதிச்சா உங்க படக்கதை நடக்கட்டும். இல்லேன்னா எல்லா டீச்சரையும் போல பூந்தொட்டி வரையச் சொல்லிக் குடுங்க."

வாட்ச்மேனோ முன்பெல்லாம் காலையில் கேட்டைத் திறக்கும்போதே, "என்ன டீச்சரம்மா, கால்ல சக்கரம் எங்க வாங்கினீங்க?" என்பார். இப்போது கேட்டைத் திறந்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

அந்த வாரம் முழுக்க டீச்சர் என் கடைத் தரையைத் தேய்த்தார்.

"பிரிக்கலையே டீச்சர், அளவுதானே எடுத்தாங்க" என்றேன், ஆறுதலாக.

"தோண்டினாங்களே அண்ணே. நாந்தானே தோண்டச் சொன்னேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சரிங்க'ன்னாரு. அந்த 'சரிங்க'வக் கேட்டதுலேருந்து சோறு எறங்கல."

பக்கம் பக்கமாக வரைந்தார். ஒன்றில் டார்ச் அக்கா பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னாள். "இதப் படிச்சா பசங்க கொட்டாவி விட்டே செத்துருவாங்க" என்று அவரே கிழித்தார். இன்னொன்றில் டார்ச் அக்கா அழுதாள். அதையும் கிழித்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து, ஆறிப்போனதை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை என் மகள் குழந்தையைக் கடைக்குத் தூக்கி வந்தாள். கைகால் உதறி ஒரே ரகளை. "குடு இங்க" என்று வாங்கி, மேஜைமேல் மெல்லிய துணியை விரித்து, இந்தப் பக்கம் மடித்து, அந்தப் பக்கம் இழுத்து, கால்மாட்டைச் செருகினேன். காலமெல்லாம் பேப்பர்க் கட்டு கட்டின கை இது. எங்கள் வீட்டில் என் அளவுக்குப் பதமாகச் சுற்ற ஒருத்தருக்கும் வராது. பேத்தி கப்சிப்.

நடந்துகொண்டிருந்த டீச்சர் நின்றார்.

"அண்ணே, பிரிச்சு மறுபடி சுத்துங்க."

"இப்பத்தான் அடங்கினா டீச்சர்!" என்று மகள் பதறினாள்.

"ஒரே ஒரு தடவைம்மா."

சுற்றினேன். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"இத்தன நாளா பிரிக்கறதத்தான் அண்ணே வரைஞ்சிருக்கேன். சுத்தினவங்கள ஒருநாளும் வரைஞ்சதில்ல."

மேஜையில் குழந்தைக்குப் பக்கத்திலேயே பேப்பரைப் போட்டு, நின்றபடி வரைந்தார். எகிப்தில் பூனைக்கும் மம்மி செய்வார்களாம். ஒரு வயசாளி, மடியில் பூனை. முதல் கட்டத்தில் துணி விரிகிறது. அடுத்ததில் காதை மடக்காமல் துணியைக் கொண்டு வருகிறார். விரல் எல்லாம் என் விரல், நகத்து அழுக்கு உட்பட. கடைசிக் கட்டத்தில் டார்ச் அக்கா அந்தச் சின்ன மூட்டைக்கு முன்னால் நிற்கிறாள். டார்ச்சைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்கிறாள்.

"செத்து மண்ணாப் போனவங்ககிட்ட எப்படி டீச்சர் கேக்கறது?"

"அது எனக்கும் தெரியல அண்ணே" என்று மறுபடி நடக்க ஆரம்பித்தார். மெஷினை ஆன் செய்யப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "பென்சில்லயே இருக்கட்டும். மொதல்ல அவர் பாக்கணும். அப்பறந்தான் மையெல்லாம்."

பையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். கடை வாசலிலிருந்து பார்த்தால் கேட் நன்றாகத் தெரியும், பேச்சும் கேட்கும். எனக்கும் மனசு கேட்கவில்லை. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்தார். பேப்பரை வாங்கினார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். டீச்சர் இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றார். பெல் அடித்தது. பிள்ளைகள் கேட்டுக்கு வந்தார்கள், இவர்களைப் பார்த்ததும் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். முன்பல் விழுந்த ஒருத்தி மட்டும், "வாட்ச்மேன் தாத்தா, அது மேனேஜரா?" என்றாள்.

அவர் விரலைப் படத்தில் வைத்தார்.

"வாலு தப்பு."

"எப்படி இருக்கும் அண்ணே?"

"வெளிய நீட்டாது. வயித்துக்குக் கீழ செருகிக்கும். அப்படித்தான் தூங்கும், அப்படியேதான் நானும் சுத்தினேன்."

டீச்சர் காதோரம் செருகியிருந்த ரப்பர் வைத்த பென்சிலை உருவி, பேப்பரைக் கேட் தூணில் வைத்து அழிக்கப் போனார்.

"என்னத்த நின்னுக்கிட்டு? உக்காருங்க டீச்சரம்மா. கால்ல இருக்கற சக்கரத்தக் கழட்டி வெச்சிட்டு வரைங்க. இல்லேன்னா வாலு கோணலாப் போயிரும்."

டீச்சர் உட்கார்ந்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், சம்மணம் போட்டு. பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

நீட்டியிருந்த வாலை அழித்தார். வழக்கம்போலப் பைக்குள் கையை விட்டு ஸ்கேலை எடுத்து, "எவ்ளோ பெருசு இருக்கும்ணே?" என்றார்.

வாட்ச்மேன் ஸ்கேலைப் பார்த்தார். பிறகு இடது கையை மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "இவ்ளோ" என்றார். அந்தக் கை வளைவில் ஒன்றுமில்லை.

டீச்சர் ஸ்கேலைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, அந்தக் கையை வரைய ஆரம்பித்தார்.