அப்பா ஊற்றிய ஒயில்

"டிரைவர்ர மகள் டிரைவருக்குத்தானே சாட்சி சொல்லுவா, தங்கச்சி" என்றார் எங்கள் வாகன சேர்விஸ் நிலையத்தின் தலைமை மெக்கானிக். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரின் சொந்தக்காரரான ஹாஜியார் இருந்தார். கதவோரம் அவருடைய டிரைவர், என் அப்பா, நின்றார். இருவருக்கும் கேட்டது.

நான் அதற்கு முன் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்: "இது ஓட்டினவரின் பிழை இல்லை."

மட்டக்களப்பு நகருக்குச் சற்று வெளியே இருக்கும் அந்த நிலையத்தில் வாரண்டி மேசை என்னுடையது. பழுதான வாகனத்தின் விவரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்பிலுள்ள கொம்பனிக்கு அனுப்புவேன். அவர்களுடைய பதிலைப் படித்துச் சொந்தக்காரருக்கு விளக்குவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்குமேல் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் படிப்பும் படித்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். உழவு இயந்திரம், லொறி, வேன் எல்லாம் ஓட்டிவிட்டு, கடைசி ஏழு வருடமாகக் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியாருக்கு ஓடுகிறார். ஹாஜியாருக்கு வேகமான கார் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆசையாம். தலை நரைத்த பிறகுதான் வாங்க முடிந்தது. டேர்போ பூட்டிய கார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கதிரவெளிப் பக்கம் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவார். முழங்கால் நோ இருப்பதால் கொழும்புப் பயணங்களுக்கெல்லாம் அப்பாதான்.

அப்பா காய்ச்சலில் இரண்டு கிழமை படுத்திருந்தபோது ஹாஜியாரே காரை ஓட்டினார். ஒயில் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் நீலப் புகை வருவதையும் அவர் அப்போதுதான் கண்டார். காரை எங்களிடம் கொண்டுவந்தார். நான் கொம்பனிக்கு எழுதினேன். பதில் மறுப்பாக வந்தது. இப்படியான வேக இஞ்சின்கள் ஓரளவு ஒயில் குடிக்கும். ஆனால் இந்தக் காரில் ஒவ்வொரு சேர்விஸின்போதும் ஒயில் மட்டம் நிரம்பவே இருந்திருக்கிறது. ஆகவே இஞ்சினில் குறையில்லை, பராமரிப்பில்தான் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள்.

வாரண்டி முடிய ஒரு மாதம்கூட இல்லை. ஹாஜியார் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் ஓடினது ரெண்டு கிழமைதான். மத்ததெல்லாம் நீங்கதானே தம்பி" என்று அப்பாவிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அப்பாவுக்கு அவ்வளவு நொந்திருக்காது. கொம்பனி கைவிட்டால் அப்பாவின் வேலையும் போகும் என்று எங்கள் மூவருக்கும் விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரியகல்லாற்றில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் நின்றேன். அம்மாவின் தம்பி, என் மாமா, தோணியிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். வலையின் மேல்கயிற்றில் மிதப்புக்காகக் கட்டியிருந்த போத்தல்களை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அன்றுதான் கவனித்தேன். எல்லாம் வெறும் ஒயில் போத்தல்கள். சாம்பல் நிறம், ஒரே மூடி, ஒரே ரகம். மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கும் சரி, ஊரிலுள்ள லொறிக்கும் சரி, அந்த ஒயில் போடுவதில்லை. எங்கள் நிலையத்தில்கூட அதை ஹாஜியாரின் காரைப் போன்ற இரண்டு மூன்று கார்களுக்காக மட்டும் எடுத்து வைக்கிறோம்.

"மாமா, இது எங்கால?"

"மச்சான் தாற, உங்கட அப்பா. நல்ல தடிப்பான போத்தல், தண்ணி ஏறாது. ஏன் புள்ள, கலியாணத்துக்குச் சோடிக்கவா?"

எண்ணினேன். பதினேழு இருந்தன.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "அப்பா, ஹாஜியார்ர காருக்கு ஒயில் ஊத்தினீங்களா?"

சோறு பிசைந்த கை நின்றது. "ஒழுப்பம் ஊத்தின. கொஞ்சம்தான்."

"ஒழுப்பம் எண்டா? பதினேழு போத்தல் வலையில கிடக்கு."

"முதல்ல மாசத்துக்கு ஒருக்கா. மறுகா கிழமைக்கு ஒருக்கா. அது கேக்கக் கேக்க ஊத்தின."

"ஏன் ஆருக்கும் சொல்லல்ல?"

"சொன்னா, இவன் இழுத்து ஓடிக் கெடுத்துப்போட்டான் எண்டுதான் சொல்லுவாங்க. லொறிக்காரன் சொன்னானே."

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா ஓட்டிய லொறியின் இஞ்சின் ஒயில் வற்றி இறுகிப்போனது. பழி அப்பாமேல் விழுந்தது. அந்த வருடம் முழுவதும் அவர் வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைகளில் கூலிக்கு அறுவடை செய்தார். அதற்குப் பிறகுதான் விடியவிடிய ஒயில் மட்டம் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது. குறைந்திருந்தால், தன் கைக்காசில் வாங்கி, யாரும் எழும்பமுதல் ஊற்றிவிடுவார்.

"சேர்விஸுக்குக் குடுக்கிற அண்டைக்கும் நிரப்பித்தான் குடுத்த" என்றார். "உன்னப் பள்ளிக்கூடம் அனுப்பக்குள்ள தலை இழுத்து, வெள்ளச்சட்ட போட்டுத்தானே அனுப்பின. அப்பிடித்தான்."

எனக்கு ஏசவும் வரவில்லை. ஏனென்றால், கடைசி சேர்விஸின் படிவத்தை எழுதியவள் நான்தான். அப்பா எனக்கு முன்னால்தான் நின்றார். சொந்தக்காரரின் பெயர், ஓடிய தூரம், ஒயில் மட்டம் எல்லாம் அழகாக எழுதினேன். "இடையில் ஒயில் ஊற்றினீர்களா" என்று கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

திங்கட்கிழமை அப்பாவும் நானும் போத்தல்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஹாஜியாரின் கடைக்குப் போனோம். மாமா முணுமுணுத்தபடி வலைக்கு மிதப்பாக வெள்ளை ரெஜிபோம் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் சாக்கைத் திறந்து பார்த்தார். "இவ்வளவும் இந்தக் காரா குடிச்ச?"

"ஓம், ஹாஜியார்."

"ஏன் தம்பி எனக்குச் சொல்லல்ல?"

அப்பா சாக்கின் வாயை மறுபடி கட்டத் தொடங்கினார். நான் கேட்டேன்: "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா, ஹாஜியார்?"

அவர் யோசித்தார். "தெரியா, மகள்" என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

வெறும் போத்தல்களைக் கொம்பனி ஏற்காது. அவர்கள் ஏற்கும் சோதனை ஒன்று இருக்கிறது. புது ஒயிலைச் சரியான அளவுக்கு ஊற்றி, ஊற்றும் வாய், மட்டம் பார்க்கும் கம்பி, கீழே வடிக்கும் ஆணி மூன்றையும் முத்திரை வைத்து மூடவேண்டும். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் திறந்து, மிச்சத்தை அளக்கவேண்டும். இடையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி அறிவிக்கவேண்டும். ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. வாரண்டி முடியமுதல் இதைக் கேட்டு எழுதினேன். கொம்பனி சம்மதித்தது.

முத்திரை வைத்த அன்று நான் காரைத் தொடவில்லை. தலைமை மெக்கானிக்கையே வைக்கச் சொன்னேன். ஒட்டிய தாளின்மேல் ஹாஜியார் கையெழுத்துப் போட்டார். "சாட்சி நான் இல்லைதானே, அண்ணன்?" என்று கேட்டேன். மெக்கானிக் என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்தார்.

மூன்றாம் நாள் காலை ஹாஜியார் தொலைபேசியில் எடுத்தார். "மகள், உங்கட வாப்பா விடியச் சீலைத்துண்டோட பொனட்டுக்கு முன்னால நிக்காரு. திறக்கவும் இல்ல, போகவும் இல்ல. நான்தான் தேத்தண்ணி குடுத்துக் கூட்டிட்டு வந்த."

அடுத்த கிழமை இருவரும் கொழும்பு போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் மூன்று மணியிருக்கும், வழியில் வெலிக்கந்தையிலிருந்து அப்பா தொலைபேசியில் எடுத்தார். எழுநூறு கிலோமீற்றர் தாண்டியிருந்தது.

"மகள், மஞ்சள் விளக்கு எரியுது. பின்னுக்கு ஒரு போத்தல் இரிக்கி."

"போத்தல் ஏன் கொண்டு போனீங்க?"

"சும்மா. இரிக்கட்டும் எண்டு."

"ஊத்த வேணாம் அப்பா."

"இறுகிப்போனா?"

"நிப்பாட்டினா இறுகாது. சாவிய ஹாஜியார்ர கையில குடுங்க. அந்தப் போத்தலையும் குடுங்க."

காரின் பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஹாஜியாரின் குரல் வந்தது. "ரெண்டையும் தந்துட்டாரு, மகள். நாங்க இஞ்ச மரத்துக்குக் கீழ இரிக்கம்."

நான் வாகனம் ஏற்றும் லொறியை அனுப்பினேன். பஸ்ஸில் போகச் சொல்லியும் ஹாஜியார் அப்பாவை விட்டுப் போகவில்லை. இருவரும் லொறியின் முன்பக்கத்தில் ஒன்றாக இருந்து வந்து சேர்ந்தார்கள்.

முத்திரைகள் வைத்தபடி இருந்தன. ஹாஜியார் தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். மெக்கானிக் ஒயிலை வடித்து அளந்தார். பிறகு நம்பாமல் இன்னொருமுறை அளந்தார். குறைந்திருந்த ஒயில் கையேட்டில் சொன்ன அளவையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் அளவுக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுது, தங்கச்சி. சாட்சிக்கு என்ர பேரையும் போடு."

கொம்பனி ஏற்றுக்கொண்டது. இஞ்சினைக் கழற்றிய அன்று மெக்கானிக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையங்கள் கரி பிடித்து அசையாமல் கிடந்தன. ஒயிலை வழித்துக் கீழே விடவேண்டியவை அவை. அப்பா அந்தப் பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் இல்ல, என்ன?" என்று கேட்டார்.

"நீங்க இல்ல, அப்பா. நீங்க ஊத்தினபடியாத்தான் இது இவ்வளவு நாளும் உயிரோட இருந்த."

அவர் பிஸ்டனைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல மேசையில் வைத்தார்.

புதுப் பிஸ்டன் போட்ட கார் இப்போது புகையில்லாமல் ஓடுகிறது. விடியற்காலையில் சீலைத்துண்டும் கையுமாக அப்பா இன்னும் மட்டம் பார்க்கிறார். இப்போது ஹாஜியாரும் பக்கத்தில் நிற்கிறாராம். நல்ல மிதப்புப் போய்விட்டது என்று மாமா மட்டும் குறைப்படுகிறார்.

நான் முகாமையாளரிடம் கேட்டு எங்கள் படிவத்தில் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "இடையில் ஒயில் ஊற்றப்பட்டதா? ஊற்றியவர் யார்?" அச்சடித்த கட்டு திங்கட்கிழமை வந்தது. முதல் தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே, டிரைவர்மார் காத்திருக்கும் வாங்குக்குப் போனேன். ஓட்டமாவடியிலிருந்து வேன் கொண்டுவந்த ஒருவர் எழும்ப, நானும் அதே வாங்கில் உட்கார்ந்து அவரையும் இருக்கச் சொன்னேன்.

"நானா, இடையில ஒயில் ஊத்தினீங்களா?" என்று அவரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

அவர் உள்ளே இருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர ஏன் பாக்கிறீங்க? உங்களத்தான் கேக்கிறன்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தேன்.