குழாய் வாயில் வைத்த சந்தனம்

மேலூர் முதலாளி ஒருவரின் பழைய சின்ன விமானத்துக்கு நான் பைலட். அவர் அதற்குப் புது பெயிண்ட் அடித்து, சீட்டுகளை மாற்றி, முன்னால் இருந்த முள் மீட்டர்களைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரை வைத்தார். பூஜை போட்ட பிறகுதான் பறக்க வேண்டும் என்றார்.

அவர் மனைவி கதவு, சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் புகும் காற்றை வைத்துத்தான் விமானத்தின் வேகம் தெரியும். அதன் வாயிலும் ஒரு பொட்டு வைத்தார்.

நான் பார்த்தேன். சுமங்கலி வைத்த பொட்டை அவர் கண்ணெதிரே துடைக்கக் கை வரவில்லை. அவர் நகர்ந்ததும் துடைக்கலாம் என்று நின்றேன். "வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று முதலாளி ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த அவசரத்தில் மறந்தேபோனேன்.

ரன்வேயில் ஓடும்போது திரையில் வேகம் வரவில்லை. புதுசுதானே, இன்னும் செட் ஆகவில்லை என்று நினைத்துக் கிளப்பிவிட்டேன். இறங்கும்போது வேகம் தெரியாமல் ரன்வேக்கு முந்தின வயலில் விழுந்தோம். என்னை இழுத்துப் போட்டார்கள். முதலாளி விமானத்தோடு எரிந்துபோனார்.

காயம் ஆறியதும் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா நெற்றியில் பொட்டு இல்லை.

"எதனாலண்ணே விழுந்துச்சு?"

"புது மிஷின் வேகத்தைக் காட்டலைம்மா."

"பழசே இருக்கட்டும்னு அம்புட்டுச் சொன்னேன், கேக்கலையே" என்று அழுதார்.

சந்தனத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பாரத்தையும் அவர் சுமக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.