கஜதந்தச் சிமிழ்

என் சித்தப்பாவிடம் ஒரு சொல் சிக்கினால் குரங்கு கையில் பூமாலைதான். பிய்த்துப் பார்க்காமல் விடமாட்டார். கூடலூரில் திராட்சைத் தோட்டம் பார்க்கிற மனிதருக்குச் சமஸ்கிருதம் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளையாக ஒரு குங்குமச் சிமிழ் இருந்தது. பாட்டன் காலத்து யானைக்கொம்பு என்று குடும்பமே பீற்றிக்கொள்ளும். வருகிறவர்களிடமெல்லாம் அதை நீட்டிச் சித்தப்பா பாடம் நடத்துவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அத்தையைப் பெண் பார்க்க ஆண்டிபட்டியிலிருந்து வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தேனியில் பார்க்கிற வேலையை அவள் விட்டுவிட வேண்டும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் வனத்துறைக்காரர், தந்தம் வைத்திருந்தால் ஜெயில், சிமிழை வெளியே எடுக்கவே கூடாது என்று அம்மா முதல்நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் வெற்றிலைத் தட்டில் சிமிழ் இருந்தது. சித்தப்பா கண்ணில் பட்டும்விட்டது.

“கஜம்னா யானை, தந்தம்னா பல்லு. ரெண்டும் சேந்துதான் கஜதந்தம். நாமதான் வெவரங்கெட்டுப்போயி கொம்புங்கிறோம். கொம்பு மாட்டுக்கு, யானைக்கு இது பல்லு!”

தாய்மாமன் சிமிழைக் கையில் எடுத்தார். “அப்ப இது அசல் தந்தமா?”

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக்குங்க என்றார். அத்தோடு முடிந்திருக்கும். சித்தப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. “என்னண்ணே, பாட்டன் சொத்தப் போயி பிளாஸ்டிக்குங்கிறீக?”

தாய்மாமன் ஓர் ஊசியைச் சுட்டு எடுத்துவரச் சொன்னார். அது வெண்ணெயில் இறங்குகிற மாதிரி சிமிழுக்குள் இறங்கியது. வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். அப்பாவுக்கு உயிரும் வந்தது, மானமும் போனது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். “சிமிழுக்கே இம்புட்டுப் பொய்யா? பொண்ணு விசயத்துல எம்புட்டோ!” கேசரியைத் தொடாமலே போய்விட்டார்கள்.

ஆளாளுக்குச் சித்தப்பாவை ஏசினார்கள். அவரோ, சிமிழ் பொய்யாக இருக்கலாம், சொன்ன அர்த்தம் சரிதானே என்றார். இந்த மனிதரை என்னதான் செய்வது! எனக்கே அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அன்று காலையில் அலமாரியிலிருந்து சிமிழை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தது அத்தைதான். நான் பார்த்தேன். அம்மா சொன்னதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் போனபின் அவள் அடுப்படியில் உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் கேசரி தின்றாள். துக்கத்தை அடக்கத்தான் தின்கிறாள், பாவம் என்று என் பங்கையும் கொடுத்தேன். அதையும் வாங்கித் தின்றாள்.