எடுத்துக் கொடுத்தால் எல்லாருக்கும் டீ

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் மகள் வணக்கம் சொல்கிறேன். முதலில் உட்காருங்கள். சாப்பிட்டுவிட்டுக்கூடப் படிக்கலாம், அவசரமே இல்லை. அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

முதலாண்டு நினைவுக்கு மலர் போடுவது என்று முடிவானதும், கட்டுரையைப் பெரியப்பா எழுதுவதாகத்தான் பேச்சு. பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "பாப்பாவுக்கு எதுக்குச் சிரமம்? நான் எழுதிடுறேன், அது பேரைப் போட்டுக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "அவரு மக எழுதுவா. எழுதுறதும் அவதான், அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வாசிக்கிறதும் அவதான்."

எழுதுவதாவது பரவாயில்லை, தப்பு வந்தால் அடித்துத் திருத்தலாம். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாக வாசிப்பதா? மூன்றாம் வகுப்பு வரைக்கும் என் பெயரையே வாசிக்கத் தெரியாதவள் நான். வரப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது நன்றாகத் தெரியும். அம்மாவோ தேங்காய் மூடியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அப்பா பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தாத்தாவும் பாட்டியும் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தார்கள். போர்ட் பிளேருக்கும் தெற்கே, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அவர்களுக்குப் பால்வெட்டும் வேலை கிடைத்தது. தாத்தா படுத்த படுக்கையானபோது பெரியப்பா ஆசிரியர் பயிற்சியில் இருந்தார். "அண்ணன் படிக்கட்டும்" என்று அப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போர்ட் பிளேருக்குக் கப்பலேறி, ஒரு பேருந்தில் கிளீனராகச் சேர்ந்தார். கிளீனர் டிரைவரானார். டிரைவர், வடக்கே ரங்கத் என்ற ஊரில் வீடு பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா, "வண்டி ஓட்டும்போது கோபம் வருமா?" என்று கேட்டாராம். "வண்டியில மட்டுந்தான் வரும்" என்று அப்பா சொன்னாராம். ஆயுசுக்கும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் எதிரே வரும் லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் ஹிந்தியில் விசாரிப்பார். வீட்டுக்குள் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

பிறகு நான் பிறந்தேன். வாய் மட்டும் கப்பல் சைரன் மாதிரி. கதை சொல்வேன், கணக்கை மனசுக்குள்ளேயே போடுவேன், பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளோடு சண்டையை ஹிந்தியில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பேன். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தொலைந்தேன். எழுத்தும் தெரியும், சத்தமும் தெரியும், இரண்டும் சேராது. நேற்றுப் படித்த சொல் இன்றைக்கு வந்து புது ஆளாக நிற்கும். வகுப்பில் என் முறை நெருங்கினால் 'ஒண்ணுக்கு' என்று விரலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. யார் சொன்னார்களோ, வல்லாரை. துவையல், கூட்டு, தோசை என்று தினமும் வல்லாரை. இன்றைக்கும் அந்தக் கீரையைப் பார்த்தால் எனக்கு ஆவேசம் வரும். பிறகு கண்ணாடி போட்டார்கள். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன, படிக்கத்தான் வரவில்லை. முருகனுக்கு மொட்டையும் போட்டார்கள். மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக எடுத்த புகைப்படத்தை இந்த மலரில் போட அம்மா துடித்தார். நான் ஒளித்துவைத்துவிட்டேன்.

அந்த வருடம் வகுப்பாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு, "இதுக்குப் படிப்பு ஏறாதுங்க. தையல் கிளாஸ்ல விடுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதார். அப்பா, விடுமுறைக்கு என்னைப் போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கும் அத்தை வீட்டில் விடுவதற்காக மறுநாள் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்.

இஞ்சின் பக்கத்தில் என் இடம். நான் படப் புத்தகம் ஒன்றை விரித்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்று சத்தமாக 'வாசித்துக்கொண்டு' வந்தேன். புத்தகத்தில் முயலும் யானையும். என் கதையில் யானை கப்பல் டிக்கெட்டுக்குக் கியூவில் நின்றது. முன் சீட்டில் ஓர் அம்மா வெகு நேரம் கேட்டுவிட்டு, "யானைக்கு டிக்கெட் கிடைச்சதா?" என்று மலையாளத் தமிழில் கேட்டார். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே படித்தவர் அவர்; அன்றிலிருந்து எங்களுக்கு 'மிஸ்'. ரங்கத்தில் ஏதோ பள்ளி வேலையாக வந்து போர்ட் பிளேருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். விளையாட்டுப் போல என்னிடம் ஏதேதோ கேட்டார். இறங்கும்போது அப்பாவிடம் ஹிந்தியில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "பையா, யே புத்தூ நஹீ ஹை. திமாக் தேஜ் ஹை. பஸ், ராஸ்தா அலக் ஹை."

முட்டாள் இல்லை, மூளை கூர்மைதான், வழிதான் வேறு. அப்பா அன்றைக்கு ராத்திரி அத்தை வீட்டில் இரண்டு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், நோயும் இல்லை சோம்பலும் இல்லை என்று மிஸ் விளக்கினார். அப்பாவின் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. 'லெக்சியா' என்று சுருக்கிக்கொண்டார். அதோடு விடாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பெண்ணைப் போல அவளை விசாரிக்கவும் ஆரம்பித்தார். "இன்னைக்கு லெக்சியா ரொம்பச் சேட்டை பண்ணாளா?" என்று கேட்பார். நானும், "ஆமாப்பா, கணக்குப் பரீட்சையில கேள்வியையே படிக்க விடல" என்பேன். தப்பு என்னுடையது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றாமல் போனது அப்படித்தான்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அப்பா வண்டியிலேயே மிஸ் வீட்டுக்குப் போய் வந்தேன். முதலில் ஒரு மொழி போதும், வீட்டில் பேசும் தமிழ் நிலைக்கட்டும், மற்றது பின்னால் வரும் என்று மிஸ் சொல்லிவிட்டார். மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் சத்தத்தைச் சொல்ல வேண்டும். சொல்லைத் துண்டு துண்டாக்கித் தொடையில் தட்ட வேண்டும். அட்டையில் ஒரு சன்னல் வெட்டி, ஒரு வரி மட்டும் தெரியும்படி பக்கத்தின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரந்தான், ஆனால் தினமும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுவேன். 'க' வந்தால் அது கப்பல்தான். அதை மாற்றியது அப்பா. மெயின்லேண்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் டிரங்க் ரோட்டில் ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காடு வரும் இடத்தில் வண்டிகள் தனியாகப் போக முடியாது. கேட்டில் காத்திருந்து, திறந்ததும் வரிசையாகப் போக வேண்டும். முன்னால் போலீஸ் வண்டி. இடையில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது. அதுதான் கான்வாய்.

"இங்க பாரு பாப்பா," என்று அப்பா என் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் கீழ் வைத்தார். "இதுதான் போலீஸ் வண்டி. எழுத்தெல்லாம் பின்னாடி வரிசையா வரும். நீ ஏன் ஓவர்டேக் பண்ற? மெதுவா போ. லேட்டா போனாலும் ஊர் அங்கதான் இருக்கும்."

அதிலிருந்து கேட்டில் நிற்கும் நேரமெல்லாம் எனக்கு வாசிப்பு நேரம். வேறு வேலையில்லாத பயணிகள் அனைவரும் எனக்கு வாத்தியார்கள். நான் ஒரு சொல்லில் நின்றால் போதும், நாலு பக்கமிருந்தும் பதில் பாயும். தமிழ் எழுத்தே தெரியாத தெலுங்குக்காரர் ஒருவர், யானைப் படத்தைப் பார்த்துவிட்டு "ஏனுகு! ஏனுகு!" என்று கத்துவார். எனக்கு வந்த சொல்லும் ஓடிப்போகும். அப்பா ஒரு நாள் சீட்டிலிருந்து எழுந்து சட்டம் போட்டார்.

"பிள்ளை எவ்வளவு நேரம் நின்னாலும் நிக்கட்டும். யாராவது எடுத்துக் குடுத்தீங்க, பஸ்ஸுக்கே டீ வாங்கணும். ஆமா."

கண்டக்டர் பிஸ்வாஸ் அங்கிள் அதை ஏலம் போடுவதைப் போல ஹிந்தியில் அறிவித்தார்: "ஜோ போலேகா, வோ சாய் பிலாயேகா!" முதலில் மாட்டியவர் ரங்கத் மளிகைக் கடைக்காரர். அடுத்த வாரம் ஒரு மீன் வியாபாரி. நல்ல வியாபாரம் ஆன சந்தோஷத்தில் வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தார் என்பது என் சந்தேகம். மற்ற நாளெல்லாம் பஸ் முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, எனக்காகக் காத்திருக்கும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அந்த மௌனந்தான்.

ஒரு நாள் கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹாரன் அலறுகிறது. நான் பக்கத்தின் கடைசி இரண்டு வரியில் இருக்கிறேன். அதுவரை முழுப் பக்கத்தை முடித்ததே இல்லை. கான்வாயில் ஒரு நொடிகூடப் பிந்தாத அப்பா, சாவியில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். "கியா ஹுவா? காடி கராப்?" என்று, வண்டி பழுதா என விசாரித்தார். மொத்தப் பேருந்தும் ஒரே குரலில் "ஷ்ஷ்!" என்றது. மனிதர் திகைத்துப் போய், படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். நான் விரலை நகர்த்தினேன். போலீஸ் வண்டி, அடுத்தது, அதற்கடுத்தது. முடித்தேன். பேருந்தில் எழுந்த சத்தத்தில் காட்டுக்கிளிகள் பறந்திருக்கும். அப்பா கண்ணைத் துடைக்காமலே கியரைப் போட்டார். "ஸாப், நீங்க நடுவுல பேசிட்டீங்க, டீ பாக்கி!" என்று பிஸ்வாஸ் அங்கிள் படியிலிருந்து கத்தினார். அடுத்த முறை அந்தப் போலீஸ்காரர் உண்மையாகவே வாங்கிக் கொடுத்தார்.

தையல் கிளாஸுக்கு நான் போகவில்லை. பரீட்சைகளில் கூடுதல் நேரம் கேட்டுப் பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அப்பா நடையாய் நடந்தார். பத்தாவது தேறினேன், பன்னிரண்டும் தேறினேன். இப்போது வண்டூரில் சுற்றுலாப் படகில் வழிகாட்டி. தினமும் காலையில் பாதுகாப்பு விதிகளை மூன்று மொழியில் வாசிப்பது என் வேலை. மெதுவாகத்தான் வாசிப்பேன். லெக்சியா எங்கேயும் போய்விடவில்லை, பக்கத்து சீட்டில்தான் இருக்கிறாள். பழகிவிட்டோம்.

என் கதை பரவியதும், ரங்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளைத் தாய்மார்கள் அப்பாவிடம் கூட்டி வந்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எனக்கு பஸ் ஓட்டத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியும். நாளைக்குக் காலையில ஏறிடுங்க" என்பார். "அடிக்காதீங்க, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டாதீங்க" என்பதை மட்டும் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுப்பார். அப்படிப் போய் வந்த பிள்ளைகளில் சிலர் இந்த மலரிலும் நாலு வரி எழுதியிருக்கிறார்கள். பிழை கண்ணில் பட்டால் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சர்க்கரை நோய் அப்பாவின் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. டீயில் அவர் போட்ட சர்க்கரைக்கு அது முன்பே வந்திருக்க வேண்டும் என்று அம்மா இன்னும் திட்டுகிறார். ஆஸ்பத்திரியில் தினமும் மாலை அவருக்குப் பேப்பர் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு நாள், சென்னைக் கப்பலைப் பற்றிய செய்தி. வானிலை காரணமாகப் புறப்பாடு... அதற்கடுத்த நீளமான சொல்லில் நின்றுவிட்டேன். தட்டிப் பார்த்தேன், வரவில்லை. அப்பா கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார்: "ஒத்திவைக்கப்பட்டுள்ளது. எந்தக் காலத்துல அது சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கு?"

"அப்பா! நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க!"

இத்தனை வருடத்தில் முதல் தடவை. அப்பா கண்ணைத் திறந்து, மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலச் சிரித்தார். "அட, ஆமா. அப்ப எல்லாருக்கும் டீதான். வீட்டுக்குப் போனதும் வாங்கித் தர்றேன்." பக்கத்துக் கட்டில்காரர்களும் நர்ஸம்மாவும் சிரித்தார்கள். அந்த வாரமே அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். அழுதேன், இப்போதும் அழுகிறேன். ஆனால் அப்பாவை நினைக்கும்போது முதலில் வருவது அந்தச் சிரிப்புத்தான்.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்த நர்ஸம்மாக்களுக்கு நன்றி. மழையில் கப்பலுக்கு நின்று கச்சாலிலிருந்து வந்து சேர்ந்த சொந்தங்களுக்கு நன்றி. கடைசிப் பயணத்துக்கு அதே பேருந்தை அலங்கரித்து எடுத்து வந்து, வழியெல்லாம் யாரையும் முந்தாமல் ஓட்ட வைத்த பிஸ்வாஸ் அங்கிளுக்கு நன்றி. மிஸ்ஸுக்கு எந்தச் சொல்லிலும் நன்றி அடங்காது. இந்தக் கட்டுரையில் பேனாவை வைக்காமல், வைக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தும் அடக்கிக்கொண்ட பெரியப்பாவுக்குத் தனி நன்றி.

இனி, நினைவு நாளைப் பற்றி. படையல் முடிந்ததும் இதே கட்டுரையை உங்கள் எல்லார் முன்னாலும் நான் வாசிப்பேன். பயம் போய்விடவில்லை. என் விரல் வரியின் கீழே இருக்கும். சில இடங்களில் நின்றுவிடுவேன், கொஞ்ச நேரம் நிற்பேன். அப்போது யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், காத்திருங்கள், வந்துவிடுவேன்.

வாசித்து முடித்ததும் எல்லாருக்கும் டீ வரும், சர்க்கரை தூக்கலாக. குடிக்காமல் யாரும் போகக் கூடாது. அது அப்பா வாங்கிக் கொடுக்கும் டீ.