எங்கள் டீமை நடத்துபவள்

விளையாடும்போது என் தங்கை வாயைத் திறக்கமாட்டாள். அந்தமானில், ஹேடோ குவார்ட்டர்ஸில் எங்கள் முன்னறையில் இருவரும் தோள் உரச உட்கார்ந்திருப்போம், ஆளுக்கொரு செல்போனுடன். அவளுடைய மைக் எப்போதும் ஆஃப், என்னுடையது ஆன். இரண்டு கையும் போனில் இருப்பதால் முழங்கையால்தான் பேசுவாள். ஒரு இடி இடித்தால் முன்னேறு, இரண்டு இடித்தால் பின்வாங்கு. மீதியைக் காதோரம் கிசுகிசுப்பாள். அதை நான் உரக்கச் சொல்வேன். எதிரே ஆடுகிறவர்கள் என்னைத்தான் லீடர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

துப்பாக்கிச் சண்டை ஆட்டம் அது. நான்கு பேர் ஒரு டீம். பல டீம்கள் ஒரே இடத்தில் இறங்கும். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு நிற்பவர்கள் ஜெயித்தவர்கள். எங்கள் டீமில் மற்ற இருவர், பக்கத்து லைனில் இருக்கும் பெங்காலி நண்பனும் ஜங்கிலிகாட்டிலிருந்து வரும் தெலுங்கு நண்பனும். டீமின் பாஷை தீவு இந்தி. ஆனால் முக்கியமான இரண்டு கட்டளைகள் துறைமுகத்திலிருந்து வந்தவை. அப்பா ஹேடோ வார்ஃபில் கிரேன்காரனுக்குச் சைகை காட்டிக் குரல் கொடுக்கிற வேலை செய்கிறார். "ஹபீஸ்" என்றால் சரக்கைத் தூக்கு, "ஆரியா" என்றால் இறக்கு. தமிழன், பெங்காலி, மலையாளி யாராக இருந்தாலும் வார்ஃபில் அந்த இரண்டும் புரியும். வீட்டில் பீரோவை நகர்த்தும்போதும் அப்பா அதைத்தான் சொல்வார். மாடிக்கு ஏறு என்பதற்கு ஹபீஸ், இறங்கு என்பதற்கு ஆரியா என்று தங்கை வைத்துக்கொண்டாள். சுருக்கமாக இருக்கிறது, ஹேடோக்காரர்களைத் தவிர யாருக்கும் பிடிபடாது.

கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன் இங்கே இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது; படம் அப்படியே உறைந்து நிற்கும். கேபிள் வந்த புதிதில் அவள் மைக்கை ஆன் செய்துதான் ஆடினாள். அவள் குரலைக் கேட்டதும் மெயின்லேண்டிலிருந்து ஆடிய ஒருவன் நம்பர் கேட்டான். இன்னொருவன் சப்பாத்தி சுடப் போகச் சொன்னான். சொந்த டீமில் வந்து சேர்ந்தவனே, பெண்ணோடு ஆடமாட்டேன் என்று பாதியில் வெளியேறினான். அவள் அழவில்லை, எங்களிடம் புகாரும் சொல்லவில்லை. ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள்: "அண்ணே, நான் செத்தா 'பொண்ணு, அதான்'ங்கறாங்க. நீ செத்தா 'நெட் போச்சு'ங்கறாங்க." அதற்குப் பிறகு மைக் ஆஃப்.

பெரிய போட்டிகளின் ஒளிபரப்பைப் பார்க்கும்போதெல்லாம் மேடையில் ஒரு பெண்கூட இல்லையே என்று நானும் யோசித்திருக்கிறேன். கை வேகம், கண் வேகம் என்று காரணம் சொல்கிறவர்கள் என் தங்கைக்கு எதிரே ஆடியதில்லை. எனக்குப் புரிந்தது வேறு. இந்த ஆட்டத்தைத் தனியாக இருந்து கற்றுக்கொள்ள முடியாது. நம்மைவிட நன்றாக ஆடுகிறவர்களுடன் தினமும் ஆட வேண்டும். அவர்கள் திட்டுவார்கள், அந்தத் திட்டுக்குள் ஒரு பாடம் இருக்கும். என்னை எத்தனையோ பேர் அப்படித் திட்டித் திட்டித் தேற்றியிருக்கிறார்கள். தங்கைக்கு அது கிடைக்கவில்லை. பேசினால் அசிங்கம் கேட்க வேண்டும், பேசாமல் இருந்தால் யாரும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பெண்கள் போனைக் கீழே வைத்திருப்பார்கள். இவள் வைக்கவில்லை. எனக்குக் கிடைத்த திட்டுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொண்டாள்.

சென்னையில் நடக்கும் இறுதிப் போட்டிக்குத் தீவிலிருந்து ஒரே ஒரு டீம் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. போர்ட் பிளேரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு; மூன்று ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் சொன்னோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் எதற்கும் அப்பா என்னைத்தான் கேட்பார்.

"படிச்சவன் நீ சொல்லு தம்பி. கப்பல்ல மூணு நாளு, ஆம்பளைங்களோட. இவ எதுக்கு? நாலாவது ஆளுதானே, வேற பையனப் போட்டுக்க."

நடத்துவதே இவள்தான் என்றேன். அப்பா சிரித்தார். "நீ கத்துறதத்தானே நான் தெனமும் கேக்குறேன். அவ சத்தமே வந்ததில்லையே."

தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். டீம் ஜெயித்தாலும், அவள் இப்படியே வாய் மூடி இருந்தால் கப்பலில் அவளுக்கு இடமில்லை. அது எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

மண்டபத்தில் பெயர் பதிந்தவர் அவளைப் பார்த்துப் பார்வையாளர் வரிசையைக் கை காட்டினார். "பிளேயர்," என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் அட்டையைக் கொடுத்தார். நாங்கள் எதிர்பார்க்காத இடி அடுத்து விழுந்தது. ஆளுக்கொரு மேஜை, நடுவே தடுப்பு. தலையில் ஹெட்செட். அவளுடைய முழங்கை எனக்கு எட்டாது.

முதல் ஆட்டத்தை நானே நடத்தினேன். சீக்கிரமே ஒரு பாலத்தில் மாட்டி நால்வரும் செத்தோம்.

இடைவேளையில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், சாவியைத் தேடுகிறோம் என்றார்கள். அந்த வராந்தாவில் நின்றுகொண்டுதான் பேசினோம்.

"ஏண்ணே பாலத்துக்குப் போன?"

"நீ என்ன நெனைப்பேன்னு யோசிச்சுத்தான் போனேன்."

"நான் அப்படி நெனைக்கவே மாட்டேன்."

இனி நீதான் பேச வேண்டும் என்றேன். அவள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசினா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். பொண்ணு நடத்துற டீம், ஈஸி பாயின்ட்டுன்னு நம்மளத் தேடித்தான் வருவாங்க."

கூட நின்ற பெங்காலி நண்பனுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். "ஆனே தோ," என்றான். வரட்டுமே.

அவள் பூட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, "வருவாங்கல்ல," என்றாள். அந்தக் குரலில் இப்போது பயமில்லை; கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் ஹெட்செட்டில் அவள் குரல் முதலில் பிசிறடித்தது. வீட்டில் கிசுகிசுத்தே பழகியவள். தெலுங்கு நண்பன், கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றான். சொன்னாள். அடுத்த தடவை அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. "ஹபீஸ்!" என்று அவள் போட்ட சத்தம் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் வரிசைவரை போனது. சிலர் சிரித்தார்கள். அந்த ஆட்டத்தில் முன்வரிசைக்கு வந்தோம். மண்டபத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் சொன்னபடியே வந்தார்கள். இரண்டு டீம்கள், வழியில் ஒருவரையொருவர் கண்டும் சுடாமல், எங்களை நோக்கியே ஓடிவந்தன. தங்கை எங்களை ஒரு மாடி வீட்டில் ஏற்றி உட்கார வைத்திருந்தாள். அந்த வீட்டுக்கு ஒரே படிக்கட்டு. யாரும் சுடக் கூடாது, இடம் காலியாகத் தெரிய வேண்டும் என்றாள். என் விரல் பரபரத்தது. "அண்ணே, கைய எடு," என்றாள், பார்க்காமலே. முதல் டீம் படியேறியது. அவர்கள் பாதிப் படியில் இருக்கும்போது இரண்டாவது டீமும் உள்ளே நுழைந்தது. அப்போதுதான் "மாரோ" என்றாள். படிக்கட்டில் யாரும் மிஞ்சவில்லை. பிறகு "ஆரியா" என்றாள். இறங்கி வட்டத்துக்குள் நடந்தோம். அங்கே எங்களை எதிர்க்க அதிகம் பேர் இருக்கவில்லை.

மொத்தப் புள்ளியில் நாங்கள்தான் முதல். அறிவிப்பாளர் கேப்டன் என்று மைக்கை என்னிடம் நீட்டினார். நான் அதைத் தங்கையிடம் கொடுத்தேன். ஒரு பெண்ணாக இந்த வெற்றியை எப்படி உணர்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். அவள் மாடிப்படியைப் பற்றிப் பேசினாள். ஒரே வழியுள்ள வீட்டில் எப்போது சுட வேண்டும், எப்போது சுடக் கூடாது என்பதையெல்லாம் விளக்கினாள். அறிவிப்பாளர் மைக்கைத் திரும்ப வாங்குவதற்குள் திணறிப்போனார். எனக்கு நெஞ்சு விம்மியது. கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்த அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அப்பா வார்ஃப் கேன்டீனில் கூட்டாளிகளோடு போனில் ஆட்டத்தை நேரலையாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அவளிடம் போனார்.

"ஏ ஆத்தா, ஆரியாவ அப்படி இழுக்கக் கூடாது. வெட்டிச் சொல்லணும். இழுத்தா கிரேன்காரன் சரக்கக் கடல்ல போட்ருவான்."

"சரிப்பா."

"எந்தக் கப்பலு? பங்க் கிளாஸ்ல கீழ் படுக்கையாப் பாத்துப் போடச் சொல்லு, தம்பி."

அம்மா அதற்குள் புளிச்சோறு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தாள்.

இறுதிப் போட்டிக்குப் பயிற்சியாக மறுநாளே மெயின்லேண்ட் டீம்களுடன் ஆட உட்கார்ந்தோம். பழக்க தோஷத்தில் நான் அவள் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன். "தள்ளி ஒக்காருண்ணே, கை இடிக்குது," என்றாள். மைக்கை ஆன் செய்தாள். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் பேசிக்கொள்ளும் நேரம் அது. அவள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்த்ததுமே எவனோ சிரித்தான். இன்னொருவன் பாடத் தொடங்கினான். மூன்றாமவன் இது யாருடைய தங்கச்சி என்று இந்தியில் கேட்டான். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவர்களுக்கு அவள் பதில் சொல்லவே இல்லை. எங்களுக்கு மட்டும் சொன்னாள், அவர்கள் எல்லோரும் கேட்கும்படி இந்தியில், எங்கே இறங்கப் போகிறோம் என்று. வரட்டுமே.